தென்னிந்திய மரபுத் தங்க நகைகளும் அவற்றின் உருவங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தியாகராய நகர் உஸ்மான் சாலைக்கோ சவுகார்பேட்டைக்கோ திருமண நகை வாங்கப் போகிறவர்களும், பாட்டி காலத்து நகையை வீட்டில் வைத்துக்கொண்டு அது என்னவென்று அறிய விரும்புகிறவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. ஒரு நகையில் இருக்கும் உருவம், அது செய்யப்பட்ட முறை, அது உடலில் அமரும் இடம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் மரபு நகை விளங்கும் என்ற எண்ணத்தோடு இப்பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன. விற்பனை மேசையில் பெரும்பாலும் முதலாவதைப் பற்றி மட்டுமே பேசுவார்கள்.

கடைகளில் ‘டெம்பிள் ஜுவல்லரி’ என்று காட்டுவது உண்மையில் எது?

இன்று அந்தப் பெயரில் மூன்று வகை நகைகள் விற்கப்படுகின்றன. முதலாவது, கோயில் உற்சவ மூர்த்திகளுக்குச் சாத்துவதற்காகச் செய்யப்பட்ட திருவாபரணங்களின் வழியில் வருவது. நாகர்கோவிலை அடுத்த வடசேரியில் இவ்வேலை தலைமுறைகளாக நடந்து வருகிறது. நாகர்கோவில் கோயில் நகைகளுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. வெள்ளியில் உருவம் அமைத்து, சிவப்பும் பச்சையுமான கற்களைப் பதித்து, கல்லைச் சுற்றித் தங்க ரேக்கை, அதாவது மிக மெல்லிய தங்கத் தாளை, அழுத்தி மூடுவது அவர்களுடைய முறை. பரதநாட்டியக் கலைஞர்கள் அணிவதும் இவ்வகைதான். 1935இல் அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் ருக்மிணி தேவி அருண்டேல் ஆடியதற்கும், 1936இல் கலாக்ஷேத்திரா தொடங்கப்பட்டதற்கும் பிறகு, நாட்டிய மேடையின் உடையும் அணிகலன்களும் கோயில் சிற்பங்களையும் திருவாபரணங்களையும் ஒட்டிய ஒரு வடிவத்துக்கு வந்தன.

இரண்டாவது, முழுக்கத் தங்கத்தில் இலட்சுமி, யானை, மயில், கோபுரம் போன்ற உருவங்களைப் புடைப்பாகத் தட்டிச் செய்த நகாசு நகை. தியாகராய நகரில் இப்போது பெரும்பாலும் அந்தப் பெயரில் விற்பது இதுதான். மூன்றாவது, வெள்ளிக்கோ செம்புக்கோ தங்க முலாம் பூசி, செயற்கைக் கற்களை ஒட்டிய அலங்கார நகை. மூன்றுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு. ஆகவே பெயரைக் கேட்டவுடன் விலையைக் கேட்காமல், அடி உலோகம் என்ன, கல் எப்படிப் பதிக்கப்பட்டிருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

மாங்காய், அன்னம், மயில், யாளி, நாகம் என்று அதே உருவங்களே ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன?

மரபு, நம்பிக்கை என்ற விடை தவறில்லை. ஆனால் அது பாதி விடைதான். நம் சமயத்திலும் இலக்கியத்திலும் போற்றப்படும் விலங்குகளும் தாவரங்களும் எத்தனையோ இருக்க, நகையில் நிலைத்தவை சிலவே. அவை நிலைத்ததற்கு அவற்றின் வடிவமும் ஒரு காரணம்.

மாங்காயை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே அகன்று மேலே குறுகி, நுனி ஒரு பக்கமாக வளைந்த வடிவம் அது. கழுத்தைச் சுற்றி வரும் வட்டத்தில் உட்புறம் இடம் குறைவு, வெளிப்புறம் அதிகம். இத்தகைய வட்டத்தில் ஒரே அளவுள்ள சதுரத் துண்டுகளைக் கோத்தால் வெளிப்பக்கம் இடைவெளி விழும். மாங்காய்களைக் கோத்தால் நுனிகள் உள்ளே நெருங்கி நிற்க, அகன்ற அடிகள் வெளியே விரிந்து, மாலை இடைவெளியின்றி மார்பில் படிந்து அமரும். ஒவ்வொரு மாங்காயும் தனித்தனியாக அசைவதால் கழுத்து திரும்பும்போது நகை மடங்குவதில்லை. இதே மாங்காய் காஞ்சிப் பட்டின் கரையிலும் முந்தியிலும் வருவதை எல்லோரும் கண்டிருப்பார்கள்; அங்கே அதற்கு இந்த வேலை கிடையாது, அழகு மட்டுமே.

அன்னமும் மயிலும் இணையாக வரும். இரண்டு பறவைகள் எதிரெதிரே நின்று நடுவில் ஒரு தாமரையையோ பெரிய கல்லையோ தாங்குவது பதக்கங்களில் மிகப் பரவலான அமைப்பு. பறவையின் வளைந்த கழுத்து மேலே கொக்கியாகவும், பின்னே சுருளும் வால் பதக்கத்தின் ஓரமாகவும் மாறிவிடுவதால், சட்டம் என்று தனியாக ஒன்று தேவைப்படுவதில்லை. பறவைகளை அடையாளம் காண்பதும் எளிது. கொண்டையும் தோகையில் கண்களும் இருந்தால் மயில். அலகு கீழ்நோக்கி வளைந்து, கொண்டை இல்லாவிட்டால் கிளி. கழுத்து நீண்டு, வால் இலைக்கொடியாகச் சுருண்டிருந்தால் அன்னம். அன்னத்தின் வாயில் ஒரு கொடியோ முத்தோ தொங்குவதும் உண்டு.

யாளி, சிம்மம், மகரம் ஆகியவை முனைகளிலும் பூட்டுகளிலும் வருபவை. வளையலின் இரு முனைகள் சந்திக்கும் இடத்தில் திறந்த வாயுள்ள இரு யாளித் தலைகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். திருகாணியும் மூட்டும் அந்த வாய்களுக்குள் மறைந்துவிடும். ஒட்டியாணத்தின் நடுப்பூட்டில் சிம்மமுகம் வருவதற்கும் இதே நியாயம் பொருந்தும். சோழர் கால வெண்கலத் திருமேனிகளின் இடைக்கச்சில் இந்தச் சிம்மமுகத்தைத் தெளிவாகக் காணலாம்.

நாகத்தின் கதை வேறு. அதன் உடலே நகையாகிவிடுகிறது. மேற்கையைச் சுற்றும் வங்கியாகவும், பின்னலின் உச்சியில் படமெடுக்கும் சடைநாகமாகவும் அதை மாற்றக் கலைஞர் அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. வங்கியின் முன்பக்கம் கவிழ்த்த ‘வி’ போல் மேலெழும்பியிருப்பதைக் கவனியுங்கள். முழு வட்டமாகச் செய்தால் கையை மடக்கும்போது தசையில் அழுந்தும். இந்த வளைவு அதற்கு இடம் விடுகிறது.

இருதலைப் பறவையான கண்டபேரண்டம் மட்டும் அரசச் சின்னமாக இருந்து நகைக்கு வந்தது என்று கொள்ள இடமுண்டு. விஜயநகர மன்னர் அச்சுதராயரின் பொற்காசுகளில் அது இடம்பெற்றது. பின்னர் மைசூர் உடையார்களின் சின்னமாயிற்று. பெரிய பதக்கங்களில் இன்றும் அது விரும்பப்படுகிறது. இரு தலையும் இரு சிறகும் சமமாக விரிவதால் பதக்கத்தின் நடுவில் வைப்பதற்கு அதைவிடப் பொருத்தமான பறவை கிடைப்பது கடினம்.

ஒவ்வொரு உருவத்துக்கும் ஒரு பலன் உண்டு என்று விற்பனையாளர் சொல்வதை நம்பலாமா?

கஜலட்சுமி செல்வத்தையும், தாமரை மங்கலத்தையும், நாகம் காவலையும் குறிப்பதாக நம் சமூகம் நெடுங்காலமாகக் கருதி வருகிறது, அதில் ஐயமில்லை. காவலுக்காக அணிகலன் பூட்டும் வழக்கம் சங்க காலத்திலேயே இருந்தது. திருமாலின் சங்கு, சக்கரம், கதை, வாள், வில் ஆகிய ஐந்து படைக்கலங்களையும் சிறு உருவங்களாகச் செய்து குழந்தையின் கழுத்தில் கட்டிய ஐம்படைத்தாலியும், புலிப்பல் தாலியும் அக்கால இலக்கியங்களில் பேசப்படுகின்றன. ஆனால் “இந்த மயில் பதக்கம் வைத்தால் இன்ன ராசிக்கு இன்ன பலன்” என்ற அளவுக்குப் போகும் பேச்சு விற்பனைக்கு உதவுவது. மரபுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பலனுக்காக ஓர் உருவத்தை வாங்குவதைவிட, அந்த உருவம் ஒழுங்காகச் செய்யப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது மேல்.

மணப்பெண்ணின் தலை அணிகள் எந்த வரிசையில் அமைய வேண்டும்?

வகிட்டின் மீது நெற்றிச்சுட்டி. வகிட்டின் இருபுறமும் சூரியப் பிறையும் சந்திரப் பிறையும் வரும். அணிபவரின் வலப்பக்கம் சூரியன், இடப்பக்கம் சந்திரன். பின்னந்தலையில் வட்டமான ராக்குடி. அதற்குக் கீழே பின்னல் நெடுகச் சடைநாகம்: உச்சியில் படமெடுத்த நாகம், அடுத்துப் பிறை, தாழம்பூ, பின்னர் மேலிருந்து கீழே சிறுத்துக்கொண்டே போகும் பூக்கள், முடிவில் மூன்று குஞ்சலங்கள். முழுச் சடைநாகத்தைத் தங்கத்தில் வாங்கும் குடும்பங்கள் மிகக் குறைவு. மயிலாப்பூர் மாட வீதிகளில் உள்ள நாட்டிய அணிகலன் கடைகளில் முலாம் பூசியதை வாங்கிக்கொள்வதோ வாடகைக்கு எடுத்துக்கொள்வதோ சென்னையில் வழக்கம். ஒரு நாள் அணியும் பொருளுக்கு அதுவே சரி.

காதில் ஜிமிக்கி கனமாக இருந்தால் மாட்டலை மறக்காதீர்கள். காதின் மேலாகக் கூந்தலில் செருகப்படும் அந்தச் சங்கிலியை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். ஜிமிக்கியின் எடையைக் காது மடலிலிருந்து கூந்தலுக்கு மாற்றுவதுதான் அதன் முதல் வேலை.

கையால் செய்த நகைக்கும் அச்சில் அடித்த நகைக்கும் வேறுபாட்டை எப்படி அறிவது?

நகையைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கத்தில் மறைக்க முடிவதைப் பின்பக்கத்தில் மறைக்க முடியாது.

மரபுப் பட்டறையில் நான்கு வழிகளில் உருவம் பிறக்கிறது. கம்பி வேலையில், தங்கத்தைக் கம்பியச்சின் துளைகள் வழியே இழுத்து இழுத்து மெல்லிய கம்பியாக்கி, சாமணத்தால் சுருள்களாக வளைத்து, அடித்தகட்டின் மேல் ஒட்டுவார்கள். அரும்பு வேலையில், தங்கத் துணுக்குகளைச் சூடாக்கும்போது அவை தாமாகவே உருண்டு சிறு மணிகளாகிவிடும். அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, பற்றவைக்கும் பொடி வைத்து, ஊதுகுழலால் தீயைச் செலுத்திப் பற்றவைப்பார்கள். பொடியும் அளவாக இருக்க வேண்டும், தீயும் அளவாக இருக்க வேண்டும். சற்று மிகுந்தால் அரும்புகள் கரைந்து ஒன்றோடொன்று ஓடிவிடும். நல்ல அரும்பு வேலையில் ஒவ்வொரு மணியும் அடித்தகட்டை ஒரு புள்ளியில் மட்டுமே தொட்டு நிற்பதை லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரியும்.

நகாசு வேலை வேறு வகை. தங்கத் தகட்டை அரக்குப் படுக்கையில் பதித்து, பின்புறமிருந்து தட்டி உருவத்தைப் புடைக்கச் செய்து, பிறகு திருப்பி முன்புறத்தில் உளிகளால் கண், மூக்கு, ஆடை மடிப்பு, அணிகலன் எல்லாம் தீட்டுவார்கள். அரக்கு இளகிய நிலையில் அடியைத் தாங்கிக்கொள்ளும், குளிர்ந்தால் தகட்டைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் அது படுக்கையாகப் பயன்படுகிறது. நான்காவது அச்சு. எஃகு அச்சில் தகட்டை வைத்து அடித்து எடுப்பது பழைய பட்டறைகளிலும் உண்டு. மாங்காய் மாலைக்கும் காசுமாலைக்கும் வேண்டிய ஒரே அளவுத் துண்டுகள் அப்படித்தான் கிடைத்தன. ஆகவே அச்சில் அடித்தது என்பதற்காக ஒரு நகை மரபிலிருந்து விலகியதாகிவிடாது.

இப்போது பரவலாக இருப்பது கணினியில் வரைந்து, மெழுகில் உரு எடுத்து, வார்த்துச் செய்யும் முறை. அதில் இரண்டு மயில்களும் கண்ணாடியில் பார்த்தது போல் துல்லியமாக ஒன்றாக இருக்கும். புடைப்புகளின் விளிம்பு சற்று மழுங்கியிருக்கும். கையால் தட்டியதில் இரு மயில்களுக்கும் இடையே நூலிழை வேறுபாடு இருக்கும்; பின்புறத்தில் தட்டிய குழிகள் தெரியும். முகத்தைப் பார்ப்பது இன்னொரு நல்ல சோதனை: தேர்ந்த கையில் பிறந்த இலட்சுமியின் கண்ணிமையும் உதடும் தெளிவாக இருக்கும். கூலி அதிகம் கேட்கும் கடையில் இந்த முகத்தைப் பார்த்துவிட்டே பேசத் தொடங்குங்கள்.

சவுகார்பேட்டைப் பட்டறைகளில் இன்று வங்காளத்திலிருந்து வந்த கலைஞர்கள் பலர் வேலை செய்கிறார்கள். கம்பி வேலையில் அவர்களுடைய கை மிக நேர்த்தியானது. சென்னையில் ‘கல்கத்தா வேலை’ என்று தனியாகக் கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

கெம்பு என்பது மாணிக்கமா?

சிவப்புக் கல்லைப் பொதுவாகக் கெம்பு என்கிறோம். பழைய நகைகளில் அது பட்டை தீட்டாமல் வழுவழுப்பாக உருட்டப்பட்ட பர்மா மாணிக்கமாகவோ, அதைப் போன்றே தோன்றும் ஸ்பைனலாகவோ இருக்கலாம். இன்று நாட்டிய நகைகளிலும் வெள்ளி நகைகளிலும் இருப்பது பெரும்பாலும் செயற்கைக் கல் அல்லது கண்ணாடி. கல்லின் பின்பக்கத்தை மூடி, அடியில் பளபளப்பான மெல்லிய தகட்டை வைத்துப் பதிப்பது மரபு முறை. ஒளி கல்லுக்குள் புகுந்து அத்தகட்டில் பட்டுத் திரும்புவதால் சாதாரணக் கல்லும் சிவந்து ஒளிரும். இதனாலேயே மூடிப் பதித்த நகையில் கல்லின் தரத்தைக் கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. விலை அதிகமாகச் சொன்னால் இரத்தினப் பரிசோதனைச் சான்று கேட்பதில் தவறில்லை.

வைரத்தோட்டில் ஏன் ஏழு கல்? ‘ப்ளூ ஜாகர்’ என்றால் என்ன?

ஒரு வட்டத்தைச் சுற்றி அதே அளவுள்ள வட்டங்களை இடைவெளியின்றி வைத்தால் சரியாக ஆறு அமையும். ஐந்தும் போதாது, ஏழும் கொள்ளாது. ஒரே அளவுள்ள கற்களைக் கொண்டு பூப்போன்ற வட்டத் தோடு செய்ய நடுவில் ஒன்றும் சுற்றிலும் ஆறுமாக ஏழு வேண்டும் என்பது வடிவ கணிதம் தரும் விடை. பெரும் சிரமம் ஏழு கற்களையும் அளவிலும் நிறத்திலும் பொருத்துவதில்தான். இரண்டு காதுக்குமாகப் பதினான்கு கற்கள் ஒத்துப்போக வேண்டும். விலையில் பெரும்பகுதி இந்தப் பொருத்தத்துக்கே போகிறது.

‘ப்ளூ ஜாகர்’ என்பது தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்தின் பெயரிலிருந்து வந்தது. அங்கே கிடைத்த, மெல்லிய நீல ஒளி காட்டும் உயர்ந்த வெள்ளை வைரங்களைத் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பெரிதும் விரும்பின. எட்டுக்கல் பேசரி என்னும் மூக்குத்தியும் ஏழுகல் தோடும் அந்த வைரத்தில் இருந்தால் அது பரம்பரைச் சொத்து. அந்தச் சுரங்கம் மூடப்பட்டுப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. புதிய நகைக்கு ஒரு கடை அப்பெயரைச் சொன்னால் தரத்தைக் குறிக்கும் வழக்குச் சொல்லாகவே அதை எடுத்துக்கொண்டு, வைரத்தின் தரச்சான்றைக் கேட்டு வாங்குங்கள்.

காசுமாலை எவ்வளவு பழமையானது?

காசை அணிகலனாக்கும் பழக்கம் மிகப் பழையது. தென்னிந்தியாவில் கிடைத்த ரோமானியப் பொற்காசுகளில் சிலவற்றில், கோத்து அணிவதற்காகத் துளையிட்டிருக்கிறார்கள். ஆங்கிலேயர் காலத்தில் விக்டோரியா அரசி, ஐந்தாம் ஜார்ஜ் ஆகியோரின் தலை பொறித்த சவரன் காசுகளுக்கு வளையம் வைத்து மாலையாகக் கோத்தார்கள். அந்தக் காசு 22 காரட் தங்கத்தில் ஏறத்தாழ 7.98 கிராம் எடை கொண்டது. இன்று நாம் பவுனுக்கு 8 கிராம் என்று கணக்கிடுவதும், 22 காரட்டை நகைத் தங்கமாகக் கொள்வதும் இக்காசின் அளவோடு ஒத்துப்போகின்றன. இப்போதைய காசுமாலைகளில் இருப்பது இலட்சுமி உருவம் அடித்த மெல்லிய தகடு. காசு என்பது பெயரளவுக்குத்தான். பாட்டி வீட்டு மாலையில் அசல் சவரன்கள் இருந்தால் அவற்றை உருக்குவதற்கு முன் நாணயமாகவும் மதிப்பிடச் சொல்லுங்கள்.

தாலியின் உருவம் ஏன் வீட்டுக்கு வீடு மாறுகிறது?

அது குலத்தின், சமயத்தின் அடையாளம். வைணவ வீடுகளில் திருமண்ணும் சங்கு சக்கரமும், சைவ வீடுகளில் இலிங்கமும், சில வீடுகளில் உருவமே இல்லாத பொட்டும் வரும். கிறித்தவர் தாலியில் சிலுவையோ புறாவோ இருக்கும். தமிழ் முஸ்லிம் பெண்கள் கருகமணி அணிகிறார்கள். நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கழுத்துரு இவை எல்லாவற்றிலும் பெரியது. நகம் போல் நீண்ட உறுப்புகளைக் கொண்டது. அதைப் பார்த்துச் செய்ய வேறு எந்தத் தாலியும் முன்மாதிரியாகாது. தாலி செய்யக் கொடுக்கும்போது கடையின் மாதிரிப் புத்தகத்தை நம்பாமல், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, இருக்கும் பழைய தாலியைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போவதே பாதுகாப்பு.

பாம்படமும் தண்டட்டியும் மற்ற நகைகளைப் போல் இல்லையே?

இல்லைதான், எனக்கு மிகவும் பிடித்தவை அவை. மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கத்து மூதாட்டிகளின் நீண்ட காதுகளில் தொங்கிய இந்த நகைகளில் தெய்வமும் இல்லை, பறவையும் இல்லை. கோளம், கனசதுரம், முக்கோணம், உருளை ஆகியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வடிவங்கள் அவை. மெல்லிய தங்கத் தகட்டுக்குள் அரக்கை நிரப்பிச் செய்ததால், பார்வைக்குப் பெரிதாக இருந்தாலும் தங்கம் குறைவாகவே ஆகும். நகரத்து நகைக் கடைகள் இவ்வடிவத்தை ஏறத்தாழக் கைவிட்டுவிட்டன. காது வளர்க்கும் வழக்கம் நின்றதோடு இந்த நகையும் உருக்கும் உலைக்குப் போனது. வீட்டில் ஒன்று மிஞ்சியிருந்தால் தயவுசெய்து மாற்றிவிடாதீர்கள்.

காலில் தங்கம் அணியலாமா?

தங்கத்தை இலட்சுமியாகக் கருதுவதால் இடைக்குக் கீழே அணிவதில்லை. கொலுசும் மெட்டியும் வெள்ளியில்தான். தெய்வத் திருமேனிகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

மரபு நகைக்கு ஹால்மார்க் கட்டாயமா?

தங்க நகைக்கு ஹால்மார்க் 2021 ஜூன் 16 முதல் 256 மாவட்டங்களில் கட்டாயமாக்கப்பட்டது. பின்னர் மேலும் பல மாவட்டங்கள் சேர்க்கப்பட்டன. சென்னை முதலிலிருந்தே அதில் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறி இல்லாத நகையை விற்கக் கூடாது. நகையில் மூன்று முத்திரைகளைப் பாருங்கள்: இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முக்கோணச் சின்னம், 22 காரட் என்றால் 916 என்னும் தூய்மை எண், அந்த ஆறு இலக்கக் குறி. அமைவனத்தின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் இக்குறியை இட்டால் எந்த நகைக்கு அது வழங்கப்பட்டது என்பது தெரியும்.

இங்கே மரபு நகை வாங்குவோர் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் இருக்கிறது. கல் பதித்த வடநாட்டு வகைகளான குந்தன், போல்கி, ஜடாவ் நகைகளுக்கும், இரண்டு கிராமுக்குக் குறைந்தவற்றுக்கும் இந்தக் கட்டாயத்திலிருந்து விலக்கு உண்டு. கல்லும் அரக்கும் தூய தங்க ரேக்கும் கலந்த நகையில் ஒரே தூய்மை எண்ணைச் சொல்வது கடினம் என்பது புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் இந்த விலக்கின் நிழலில் ஏமாற்றவும் இடமிருக்கிறது. ஆகவே அடித்தங்கத்தின் காரட்டைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கல் நகையில் எடையும் சேதாரமும் எப்படிக் கணக்கிடப்படுகின்றன?

மொத்த எடையிலிருந்து கல், அரக்கு, முத்து, நூல் ஆகியவற்றின் எடையைக் கழித்து வருவதே தங்கத்தின் நிகர எடை. தங்க விலையும் சேதாரமும் நிகர எடைக்கு மட்டுமே போடப்பட வேண்டும். ஒரு கற்பனைக் கணக்கு: மொத்தம் 48 கிராம், கல்லும் அரக்கும் 7 கிராம் என்றால் நிகரம் 41 கிராம். சேதாரம் 18 சதவீதம் என்றால் 7.38 கிராம். நீங்கள் தங்க விலை கொடுப்பது 48.38 கிராமுக்கு. அதாவது கழித்த கல்லின் எடை சேதாரமாகத் திரும்பி வந்துவிடுகிறது. கல்லுக்கான விலையும் 3 சதவீத ஜிஎஸ்டியும் இதற்கு மேல். வேலைப்பாடு மிகுந்த நகைக்குக் கூலி மிகுதியாக இருப்பது நியாயம். அதைச் சேதாரச் சதவீதத்துக்குள் மறைக்காமல் வெளிப்படையாகச் சொல்லும் கடையையே நான் விரும்புவேன்.

இந்தக் கழிவுக் கணக்கு புதியதன்று. 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், முதலாம் இராஜராஜன் அளித்த நகைகளின் எடை ‘தக்ஷிணமேருவிடங்கன்’ என்ற பெயருடைய எடைக்கல்லால் நிறுக்கப்பட்டுப் பதிவாகியிருக்கிறது. எடை கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று வரும். 2 குன்றி ஒரு மஞ்சாடி, 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. சரடு, சட்டம், செப்பாணி (செம்பு ஆணி) ஆகியவற்றை நீக்கி நிறுத்ததா, அரக்கு உட்பட நிறுத்ததா என்பதையும் அவை சொல்கின்றன. முத்துகளின் வகையையும் கற்களின் எண்ணிக்கையையும் தனித்தனியே எழுதியிருக்கிறார்கள். உங்கள் பில் அந்த அளவுக்காவது தெளிவாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை.

பழைய நகையைக் கொடுத்துப் புதியது வாங்கலாமா?

சாதாரணச் சங்கிலி, வளையல் என்றால் தாராளமாக. கையால் செய்த பழைய கல் நகை என்றால் வேண்டாம் என்பேன். மாற்றும்போது கடைக்காரர் கல்லையும் அரக்கையும் கழித்து, தங்கத்தை உருக்கும் விலைக்கு மட்டுமே எடுப்பார். வேலைப்பாட்டுக்கு ஒரு காசும் கிடைக்காது. பழையது குறைந்த காரட்டாக இருக்கக்கூடும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. 1963இல் தங்கக் கட்டுப்பாடு வந்தபோது 14 காரட்டுக்கு மேல் புதிய நகை செய்வது தடைசெய்யப்பட்டது. பொற்கொல்லர்களான பத்தர்கள் பலர் அப்போது தொழிலையே இழந்தார்கள். தூய்மை வரம்பு சில ஆண்டுகளில் தளர்ந்தாலும், 1968ஆம் ஆண்டின் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990இல்தான் நீக்கப்பட்டது. எனவே அறுபதுகளின் நகையாக இருந்தால் காரட் மீட்டரில் சோதித்துக்கொள்வது நல்லது. சோதனைக்காக உருக்கத் தேவையில்லை. மூட்டு விட்டிருந்தாலோ கல் ஆடினாலோ பழைய முறையில் பதிக்கத் தெரிந்த ஒரு பத்தரிடம் பழுதுபார்க்கக் கொடுங்கள். காட்மியம் கலந்த பற்றவைப்பை அனுமதிக்க வேண்டாம். அதன் புகை பட்டறையில் உட்கார்ந்திருப்பவரின் நுரையீரலைக் கெடுக்கும்.

நல்ல மரபு வேலையைச் சென்னையில் எங்கே பார்த்துப் பழகலாம்?

வாங்குவதற்கு முன் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வெண்கலக் காட்சிக்கூடத்துக்கு ஒரு முறை போய் வாருங்கள். திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் திருமேனியில் வலப்பாதியும் இடப்பாதியும் அணிகளால் எப்படி வேறுபடுகின்றன என்று பார்த்தால், நகை உடலின் எந்த வளைவில் எப்படி அமர வேண்டும் என்பது விளங்கிவிடும். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் பங்குனித் திருவிழாவிலும், திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் உற்சவங்களிலும் மூர்த்திகள் புறப்படும்போது திருவாபரணங்களை அருகிலிருந்து காணலாம். காஞ்சிபுரம் வரதராசப் பெருமாளுக்கு இராபர்ட் கிளைவ் அளித்ததாகச் சொல்லப்படும் மகரகண்டி என்னும் கழுத்தணி, உற்சவ நாட்களில் இன்றும் சாத்தப்படுகிறது.

வீட்டில் எப்படிப் பராமரிப்பது?

கல் இல்லாத தங்க நகையைப் பூந்திக்கொட்டை ஊறிய இளஞ்சூட்டு நீரில் சற்று வைத்து, மென்மையான தூரிகையால் தேய்த்து, நிழலில் உலர்த்தினால் போதும். பின்புறம் மூடிப் பதித்த கெம்பு நகையை நீரில் முக்கவே கூடாது. ஈரம் கல்லின் பின்னே புகுந்தால் உள்தகடு கறுத்து, கல் ஒளியிழந்துவிடும், பிறகு கல்லைக் கழற்றாமல் சரிசெய்ய முடியாது. அதை உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். முத்து கோத்த நகையை வாசனைத் திரவியம் பூசிய பின்னரே அணியுங்கள். சென்னையின் வியர்வைக்கு வெள்ளி மீது ரேக்கு இட்ட நகை எளிதில் மங்கும். கழற்றியதும் துடைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனி மல் துணியில் சுற்றி வையுங்கள். அரக்கு நிரப்பிய நகையை வெயிலிலோ அடுப்பருகிலோ வைக்கக் கூடாது. முத்து மாலையின் நூலை ஆண்டுக்கு ஒரு முறையாவது சோதித்து, இழை தளர்ந்திருந்தால் பட்டுநூலில் மறுபடி கோக்கச் சொல்லுங்கள். கோக்கும்போது ஒவ்வொரு முத்துக்கும் இடையில் முடிச்சுப் போடச் சொன்னால், நூல் அறுந்தாலும் ஒரு முத்துக்கு மேல் உதிராது.